மறுவுள்ள முத்து

ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்து கோவில் முற்றம் காலியாகிக்கொண்டிருந்த வேளை. ஓர் இளம்பெண் பங்கு இல்லத்தின் வாசலில் தயங்கி நின்றாள். ஒரகடம் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்பவள். தூத்துக்குடிக் கடற்கரையைச் சொந்த ஊராகக் கொண்டவள். அவள் கையிலிருந்த சிறிய தகரப் பெட்டியில் பழைய தங்கத் தோடு ஒரு சோடி இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு முத்து. ஒன்று ஏறக்குறைய உருண்டை. மற்றதன் விலாவில் ஊசி முனையளவு குழி. குழியைச் சுற்றி மெல்லிய சுருக்கம்.

"எங்க ஆச்சி போட்டிருந்தது சாமி. விற்கலாம்னு கடைக்குக் கொண்டுபோனேன். முத்துல மறு இருக்கு, தங்கத்துக்கு மட்டும்தான் விலைன்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

விற்க வேண்டிய அவசரம் என்ன என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவள் பிறகு சொன்னாள். திருமணப் பேச்சு ஒன்று நிச்சயம்வரை வந்து நின்றுவிட்டது. அவளுடைய உதட்டோரத்தில் தோன்றியிருந்த வெண்புள்ளியை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டார்கள். தோற்றுநோய் அல்ல, உடல்நலத்துக்குக் கேடும் இல்லை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த தாளை அவர்கள் வாங்கிப் படிக்கவும் இல்லை. இனி நகை யாருக்கு என்பதே அவளது கேள்வி. இறுதியில் அவள் சொன்ன ஒரு வாக்கியம் இன்றும் என் காதில் நிற்கிறது: "சாமி, நான் தினமும் லைன்ல நின்னு எத்தனையோ பொருளை ரிஜெக்ட் பண்றேன். இப்போ என்னையே ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

அன்று அவளுக்குச் சொல்ல என்னிடம் தகுந்த வார்த்தை இல்லை. பெட்டியை ஒரு வாரம் என்னிடம் விட்டுப் போகும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். அந்த முத்து என் மேசைமேல் இருந்த ஏழு நாள்களில், முத்தின் குற்றங்களை மனிதர் எவ்வாறு கண்டார்கள், எவ்வாறு மதித்தார்கள் என்ற வரலாற்றைத் தேடிப் படித்தேன். அந்தத் தேடலையே இங்கு வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நாங்கள் வாழும் இந்த நிலம் ஏரிகளின் நிலம். செம்பரம்பாக்கம் ஏரியும் அதற்கு நீர் தரும் சிற்றேரிகளும் சூழ்ந்த இப்பகுதி, இராமானுசர் பிறந்த திருப்பெரும்பூதூரால் முன்பு அறியப்பட்டது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது; 1998-இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. அதன்பின் ஒரகடம்வரை தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நெல்லை, தூத்துக்குடி, இராமநாதபுரம் தொடங்கி ஒடிசா, பீகார்வரை எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் இங்கே வாடகை அறைகளில் வாழ்கிறார்கள். கீறல், குழி, புடைப்பு, நிறமாற்றம் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பதையே வேலையாகக் கொண்ட பல்லாயிரம் கண்கள் இங்கு இரவும் பகலும் விழித்திருக்கின்றன. அந்தக் கண்கள் இன்று தேடும் அதே குற்றங்களைத்தான், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு முத்து வணிகரின் கண்களும் தேடின.

முத்தின் வரலாற்றில் தமிழகத்தின் பெயர் மிகத் தொன்மையானது. பொருநை கடலோடு கலக்குமிடத்தில் இருந்த கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகம். கடல் பின்வாங்கியதால் இன்று அது உள்நாட்டுச் சிற்றூராகிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடற்பயண நூல்' கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. அங்கே மூழ்கி முத்தெடுத்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் அது கூறுகிறது. இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

முத்தின் குற்றங்களை வரிசைப்படுத்தித் தரும் பழைய நூல்களுள் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் முதன்மையானது. அரசனின் கருவூலத்திற்குள் நுழையும் பொருள்களைச் சோதிக்கும் அதிகாரியின் கடமைகளைச் சொல்லுமிடத்தில், தாம்ரபர்ணியில் பிறக்கும் முத்தையும் பாண்டிய கவாடத்தில் பிறக்கும் முத்தையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தொடர்ந்து விலக்கத்தக்க முத்துகளின் பட்டியல் வருகிறது. மசூர்ப் பருப்பைப் போன்றது, மூன்று பட்டை உடையது, ஆமை வடிவானது, அரைவட்டமானது, மேலே தோல் போர்த்தது, இரட்டையாக ஒட்டியது, வெட்டுப்பட்டது, சொரசொரப்பானது, புள்ளி விழுந்தது, கமண்டல வடிவானது, பழுப்பேறியது, நீலம் பாய்ந்தது எனப் பன்னிரண்டு குற்றங்கள். பதின்மூன்றாவதாக ஒன்று உண்டு: தவறாகத் துளையிடப்பட்டது.

இந்தப் பதின்மூன்றாவது குற்றத்தின் முன் நான் வெகுநேரம் நின்றேன். முதல் பன்னிரண்டும் சிப்பிக்குள் நேர்ந்தவை. கடைசிக் குற்றம் மட்டும் மனிதன் செய்தது. நல்ல முத்தையும் ஒரு கவனமற்ற கை கெடுத்துவிட முடியும் என்பதை அந்தப் பழைய அரசியல் நூல் அறிந்திருந்தது. முத்தின் குற்றம் என்று நாம் எழுதும் பட்டியலில், முத்தைக் கையாண்டவனின் குற்றமும் அடங்கியிருக்கிறது!

தமிழ் இலக்கியத்திற்கும் இந்தச் சோதனை தெரியும். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில், மணிக்கடைத் தெருவின் சிறப்பை இளங்கோவடிகள் விரிவாகப் பாடுகிறார். அங்கே விற்கப்படும் முத்துகள் காற்று, மண், கல், நீர் ஆகியவற்றால் நேரும் குற்றங்கள் இல்லாதவை என்பது அவர் தரும் செய்தி. நூலறிவுடைய வணிகர்கள் இருந்த தெரு அது. கதையின் போக்கை அறிந்தவர்களுக்கு இவ்விடத்தில் நெஞ்சு கனக்கும். கல்லின் குற்றத்தையும் முத்தின் குற்றத்தையும் இவ்வளவு நுட்பமாகக் காணத் தெரிந்த அதே நகரம், ஒரு மனிதனின் குற்றமின்மையைக் காணத் தவறியது. சிலம்பின் உள்ளே இருந்த பரல் மாணிக்கமா முத்தா என்று உடைத்துப் பார்த்தபோது கோவலன் உயிரோடு இல்லை.

இலக்கியத்திலிருந்து கல்வெட்டுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோவிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், அவனும் அவன் குடும்பத்தாரும் இறைவனுக்கு அளித்த அணிகலன்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்துள்ளன. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை அவை. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் கல்லும், மணிகளை நிறுக்க 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லும் பயன்பட்டன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை எழுதப்பட்டது. முத்துகளைச் சொல்லும்போது வெறுமனே "முத்து இத்தனை" என்று அவர்கள் நிறுத்தவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று வடிவும் தரமும் சொல்லப்படுகின்றன. கூடவே கறடு, இரட்டை, சிவந்தநீர், குளிர்ந்தநீர் என்ற பெயர்களும் வருகின்றன. முத்தின் ஒளியை நம் முன்னோர் 'நீர்' என்றே அழைத்தார்கள். நீரோட்டம் என்ற சொல் இன்றும் நகைக்கடைகளில் வழங்குகிறது. முழு வட்டம் எது, வட்டத்தை ஒட்டியது எது, கரடுமுரடானது எது, ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தது எது, எந்த முத்தின் நீர் சிவந்தது என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டுள்ளன.

பேரரசன் ஒருவன் கடவுளுக்குக் கொடுத்த காணிக்கையில் கரட்டு முத்தும் இரட்டை முத்தும் இருந்தன. அவற்றை அவன் மறைக்கவில்லை. கோவில் அலுவலர்களும் ஒதுக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி, வட்ட முத்தோடு ஒரே அணியில் கோத்து, கருவறைக்குள் கொண்டுசென்றார்கள். சமயம் வேறாயினும், இந்த நேர்மையிலிருந்து நாம் கற்றுக்கொள்ள இடமுண்டு. குறையைக் காண்பது வேறு, குறையுள்ளதைக் கழித்துப்போடுவது வேறு என்பதைக் கல்லில் எழுதிவைத்த வரலாறு அது.

பிற்காலத்தில் மன்னார் வளைகுடாவின் முத்து வணிகத்தில் சல்லடை முறை நிலைபெற்றது. கிண்ணம் போன்ற பித்தளைச் சல்லடைகள் பத்து. முதல் சல்லடையில் 20 துளைகள். அடுத்தடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என்று பெருகிக் கடைசியில் 1000 துளைகள். துளைகள் கூடக்கூட அவற்றின் அகலம் குறையும். இருபது துளைச் சல்லடையில் தங்குவது மிகப் பெரிய முத்து. இவ்வாறு அளவு பார்த்தபின், உருண்டையும் ஒளியும் பார்த்து இனம் பிரிப்பார்கள். இரண்டிலும் நிறைவானது ஆணிமுத்து. அடுத்தடுத்து, நிறைவில் சற்றே குறைந்தவை. பின்னர் மடிந்து வளைந்த மடங்கு, இரண்டு ஒட்டிய குறுவல், கொத்தாகத் திரண்ட பீசல் என்று வரிசை இறங்கும். இறுதியில் நிற்பது தூள். விலைக் கணக்கும் நுட்பமானது. எடையின் வர்க்கத்தை அடிப்படையாகக் கொண்டு மதிப்பிட்டதால், எடை இருமடங்கானால் மதிப்பு நான்கு மடங்காகும்.

இந்த வரிசையில் நான் கவனித்தது ஒன்று. அதில் 'எறிந்துவிடு' என்ற வகையே இல்லை. கோணல் முத்துக்கும் ஒரு பெயர் இருந்தது, வாங்குவோரும் இருந்தனர். தூள் முத்தும் சித்த மருத்துவரிடம் முத்துப் பற்பமாயிற்று. ஐரோப்பாவில் நடந்தது இன்னும் வியப்பானது. போர்த்துக்கீசியர் கோணல் முத்தை 'பரோக்கோ' என்றனர். பதினேழாம் நூற்றாண்டில் தழைத்த பரோக் கலைக்கு அச்சொல்லிலிருந்தே பெயர் வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. உரோமையிலும் கோவாவிலும் நாம் வியந்து பார்க்கும் ஆலய முகப்புகளின் கலைப் பாணி, ஒழுங்கற்ற முத்தின் பெயரைச் சுமந்து நிற்கிறது.

முத்துக்கு இத்தனை பெயர்கள் இருந்தன. அதை எடுத்துவந்த மனிதனுக்கு?

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தென்தமிழ்க் கடற்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் போயின என்று எழுதினார். பிற்கால ஆங்கிலேயர் ஆட்சியில் சிப்பிக் குவியலில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு. எஞ்சிய ஒரு பங்கே முத்துக்குளிப்போருக்கு. காலில் கல்லைக் கட்டி, மூச்சடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வர வேண்டும். செவியும் நெஞ்சும் பாதிக்கப்பட்டவர் பலர். கரையில் சிப்பிகள் அழுகும் நாற்றத்திலும் ஈக்கூட்டத்திலும் காலரா பரவி முத்துக்குளிப்பே நின்றுபோன ஆண்டுகளும் உண்டு. முத்தின் மேற்பரப்பில் விழுந்த ஒரு புள்ளிக்குப் பெயர் வைத்த வணிகம், முத்துக்குளிப்பவரின் செவிப்பறையில் விழுந்த ஓட்டைக்குப் பெயர் வைக்கவில்லை. அவர்களைத் தண்டனைக் கைதிகளாகக் கண்ட பழைய கிரேக்க நூலின் பார்வை, வெவ்வேறு வடிவங்களில் நீண்டுகொண்டே வந்தது.

நம் திருச்சபை இந்த மண்ணில் வேரூன்றியது இந்த இடத்தில்தான். 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் முத்துக்குளித்துறையின் பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். அதன் பின்னணியில் முத்து வளத்துக்கான போட்டியும் பாதுகாப்புத் தேடலும் இருந்தன என்பதை வரலாறு மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. 1542-இல் அந்தக் கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் முத்தைத் தேடி வரவில்லை. ஊர் ஊராக நடந்தார். மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டினார். தட்டுத்தடுமாறிய தமிழில் மன்றாட்டுகளைக் கற்பித்தார். முத்துக்குளித்துறை மக்களிடமிருந்து போர்ச்சுக்கல் அரசிக்குக் காலணிச் செலவு என்ற பெயரில் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. அத்தொகையைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் வேதியர்களின் ஊதியமாக அளிக்கும்படி சவேரியார் கேட்டுப் பெற்றார். 1544-இல் வடுகர் படை கடற்கரை ஊர்களைச் சூறையாடியபோது, குமரி முனைப் பாறைகளில் பட்டினி கிடந்த மக்களுக்கு உணவு கொண்டுசேர்க்க ஓடினார். அரசுகளும் வணிகர்களும் சிப்பிக்குள் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிப்பியை எடுத்தவனின் முகத்தைப் பார்த்தவர் அவர். 1622-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

தூத்துக்குடிக் கடலில் இயற்கை முத்துக்குளிப்பின் கடைசி வரிசை 1955 முதல் 1961 வரை நடந்தது. அதற்குமுன் 1893-இல் ஜப்பானில் கோகிச்சி மிகிமோத்தோ, சிப்பியை வளர்த்து அரைமுத்தை உருவாக்கிக் காட்டியிருந்தார். 1973-இல் மத்தியக் கடல்மீன் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் தூத்துக்குடியிலும் வளர்ப்பு முத்தை வெற்றிகரமாக உருவாக்கினார்கள். புவனேசுவரத்திலுள்ள நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம், குளத்திலும் ஏரியிலும் வாழும் நம் நாட்டுச் சிப்பிகளிலேயே முத்து விளைவிக்கும் முறையைக் கண்டறிந்தது. ஆயினும் இன்று நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் முத்துமாலைகளில் பெரும்பாலானவை சீனத்து நன்னீர்ச் சிப்பிகளில் விளைந்தவை. ஐதராபாத்தில் துளையிட்டுக் கோக்கப்பட்டு நம் ஊர்க் கடைவீதிவரை அவை வருகின்றன.

கடல் முத்துக்கும் நன்னீர் முத்துக்கும் பிறப்பில் ஒரு வேறுபாடு உண்டு. வளர்ப்புக் கடல் முத்தின் நடுவே, சிப்பி ஓட்டைக் கடைந்து செய்த ஓர் உருண்டை மணியை வைப்பார்கள். சிப்பி அதன்மேல் ஒளிரும் பூச்சைப் படலம் படலமாக இடும். நன்னீர்ச் சிப்பியில் பெரும்பாலும் மணி வைப்பதில்லை. மற்றொரு சிப்பியின் மேலுறைத் தசையிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி, இதன் தசைக்குள் செருகுவார்கள். காயம்பட்ட இடத்தில் ஒரு பை உருவாகி, அதற்குள் முத்து விளையும். வழிகாட்ட உருண்டை மணி உள்ளே இல்லாததால், அரிசி போலவும் உருளைக்கிழங்கு போலவும் பொத்தான் போலவும் முத்துகள் பிறக்கும். முழு உருண்டை அரிது. ஆனால் மேலிருந்து மையம்வரை அது முழுக்க முழுக்க முத்தே. கடல் முத்தில் பூச்சு மெலிந்தால் உள்ளேயிருக்கும் மணி தெரிந்துவிடும். கோணலான நன்னீர் முத்துக்கு அந்த அச்சம் இல்லை.

தேர்ந்த வணிகர் இம்முத்துகளைச் சோதிக்கும் முறை எளியது. வெள்ளைத் துணியின்மேல் மாலையை விரிப்பார். நேர்வெயிலில் பார்க்காமல் பரவலான பகல் வெளிச்சத்தில் பார்ப்பார். முதலில் தேடுவது மறுவை அல்ல, ஒளியை. சாளரத்தின் விளிம்பு முத்தில் கூர்மையாகத் தெரிந்தால் ஒளி நன்று; மங்கிக் கலைந்து தெரிந்தால் தரம் குறைவு. பின்பு மாலையை மெல்ல உருட்டுவார். குழி, புடைப்பு, சுருக்கம், கீறல், வளையம், சுண்ணம் படிந்தாற்போன்ற வெண்திட்டு ஆகியவை அப்போது வெளிப்படும். இவற்றுள்ளும் தரம் பிரிப்பார். வளர்ச்சியில் நேர்ந்த சிறு குழி முத்தைக் கெடுக்காது. விரிசலும் பூச்சு பெயர்ந்த இடமும் அதன் ஆயுளைக் குறைக்கும். கடைசியாகத் துளையின் ஓரத்தைப் பார்ப்பார். அங்கே பூச்சு உரிந்திருந்தால் கவனம் தேவை. ஒரு மறுவும் இல்லாமல் கண்ணாடிபோல் வழவழக்கும் முத்தைக் கண்டால் அனுபவசாலி மகிழ்வதில்லை, ஐயப்படுவார். பல்லில் மெல்ல உரசிப் பார்ப்பார். உண்மை முத்து சற்றே நறநறக்கும், போலி வழுக்கும். சிறு குறைகள் உண்மைக்குச் சான்றாகும் உலகம் அது.

இச்செய்திகளையெல்லாம் படித்தபின், ஆண்டவர் இயேசு கூறிய முத்து உவமையை மீண்டும் எடுத்துப் படித்தேன். மத்தேயு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், வணிகர் ஒருவர் நல்முத்துகளைத் தேடிச் செல்கிறார். விலையுயர்ந்த ஒன்றைக் கண்டதும் தமக்குள்ள யாவற்றையும் விற்று அதை வாங்குகிறார். முப்பது ஆண்டுகளாக அதைப் பற்றி மறையுரை ஆற்றி வந்த நான், இம்முறைதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த முத்து மறுவற்றது என்று நற்செய்தி சொல்லவில்லை. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் மிகுந்த மதிப்புடையது என்றே பொருள்படும். வட்டமா, நீர் வெளுத்ததா சிவந்ததா, எத்தனையாவது சல்லடையில் தங்கியது என்ற எதையும் ஆண்டவர் கூறவில்லை. அதன் மதிப்பை நமக்குக் காட்டுவது ஒன்றே: அதற்காக அந்த வணிகர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்.

விண்ணரசைத் தேடும் மனிதனே அந்த வணிகன் என்று நாம் வழக்கமாக விளக்குகிறோம். அது சரியே. ஆனால் மனிதரைத் தேடிவந்து தம்மையே வெறுமையாக்கிக்கொண்ட கிறிஸ்துவே அவ்வணிகர் என்று விளக்கியோரும் உண்டு. அப்படியானால் முத்து நாம். விலை கொடுத்து வாங்கப்பட்டவர்கள் நாம் என்று கொரிந்தியருக்கு எழுதும்போது பவுலடியார் இதையே நினைவூட்டுகிறார்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். திருச்சபை மாசும் சுருக்கமும் அற்றதாய் விளங்க வேண்டும் என்று எபேசியர் திருமுகம் கூறவில்லையா? கூறுகிறது. ஆனால் அங்கே வரும் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் அன்பு, அடுத்துத் தம்மையே கையளித்தல், அதன்பின்னரே தூய்மை. மாசற்றது என்பதால் அவர் அன்பு செய்யவில்லை. அதுவும் அத்திருமுகம் பேசுவது அகத்தின் மாசு பற்றி. உதட்டோரத்து வெண்புள்ளி எந்தக் கட்டளையையும் மீறிய பாவம் அன்று.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் வந்தபோது, படித்தவற்றில் சிலவற்றைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "அப்போ லைன்ல குறையுள்ள பொருளையும் விட்டுடலாமா சாமி?"

நியாயமான கேள்வி. "கூடாது அம்மா" என்றேன். வண்டியின் தடுப்பானில் ஒரு விரிசலைக் காணாமல் விட்டால் ஓர் உயிர் போகும். அவளுடைய கூரிய கண் பிறர் உயிரைக் காக்கும் கண். அந்த வேலை ஒரு திருப்பணி. பொருளுக்கு ஒரு பயன் உண்டு. அந்தப் பயனுக்கு உதவாததைக் கழிப்பது முறை. மனிதர் இன்னொருவரின் பயனுக்காகப் படைக்கப்பட்டவர் அல்லர். தொழிற்சாலை வாயிலில் அடையாள அட்டையோடு கழற்றி வைக்க வேண்டிய பார்வையை வீடுவரை சுமந்துவருவதே நம் காலத்தின் நோய். பெண் பார்க்கும் கூடத்தில், நேர்முகத் தேர்வில், ஏன், சில வேளைகளில் பங்குப் பேரவையிலும் பாடகர் குழுவிலுங்கூட, நாம் சல்லடையைக் கையில் ஏந்தி நிற்கிறோம். அன்று அவளிடம் இதைச் சொன்னபோது, யாரையெல்லாம் நான் அவ்வாறு பார்த்திருக்கிறேன் என்ற எண்ணம் என்னையும் சுட்டது.

பிறகு தோட்டைத் திருப்பிக் காட்டினேன். முத்தில் துளையிடும் கைவினைஞர் எந்த இடத்தில் துளையிடுவார் தெரியுமா? மறு எங்கே இருக்கிறதோ, கூடுமானவரை அதே இடத்தில். ஊசி அதன் வழியே நுழையும்; நூல் அதன் வழியே ஓடும். எது குறையாக இருந்ததோ அதுவே அந்த முத்தை மற்ற முத்துகளோடு இணைக்கும் வழியாகிவிடும். அவளுடைய ஆச்சியின் தோடுகளைச் செய்த பொற்கொல்லரோ அதையும் செய்யவில்லை. குழியைப் பின்புறம் மறைக்க அவருக்கு வழி இருந்தது. ஆனாலும் ஓரமாகத் தெரியும்படியே பதித்திருந்தார். அதன் காரணத்தை இனி யாரிடம் கேட்பது? ஒருவேளை அந்தப் பக்கத்தில்தான் நீரோட்டம் மிகுதியாக இருந்தது போலும். விளக்கின் அருகே பிடித்தபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

இங்கிருந்து சிறிது தொலைவில், சென்னை செல்லும் வழியில், புனித தோமையார் மலை இருக்கிறது. உயிர்த்த ஆண்டவரைத் தொட்டுச் சோதித்த பின்னரே நம்புவேன் என்று நின்ற திருத்தூதரின் பெயரைத் தாங்கிய மலை அது. அந்தச் சோதனையில் தோமா தேடியது என்ன? மறுவற்ற உடலையா? இல்லை, ஆணி பாய்ந்த தழும்பை. மாட்சிமை பெற்ற உடலில் காயங்களை ஆண்டவர் அழித்துவிடவில்லை. சீடர் தம்மை அறிந்துகொள்ளும் அடையாளமாக அவற்றை வைத்துக்கொண்டார். அந்தத் துளைகளின் வழியாகவே தோமா தம் கடவுளைக் கண்டார்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் மணமாகவில்லை. அவளது துயரம் ஒரு கட்டுரையால் தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவுமில்லை. ஆனால் தோட்டை அவள் விற்கவில்லை. ஆகஸ்டு 5 அன்று பனிமய மாதா திருவிழாவுக்கு ஊருக்குச் சென்று வந்தவள், அடுத்த ஞாயிறு நற்கருணை வாங்க வரிசையில் நின்றாள். இரு காதுகளிலும் அந்த முத்துகள் இருந்தன. மறுவுள்ள முத்து எந்தக் காதில் என்று பார்க்க என் கண் ஒரு கணம் அலைந்தது. பிறகு அதைத் தேடாமல் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றேன். "ஆமென்" என்றாள்.